தையலை அயன் செய்வதும் ஓரம் கட்டுவதும்: மலைநாட்டு ஈரத்துக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

ஒழுங்காக அளவெடுத்து, நேராகத் தைத்த சட்டைகூடச் சில வேளை தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத் தையல் முறுக்கும், கழுத்து வெளியே திரும்பிப் பார்க்கும். தைத்தவர் மெஷினைக் குறை சொல்வார், இல்லையென்றால் நூலைக் குறை சொல்வார். நான் பார்த்தவரை குற்றம் பெரும்பாலும் அங்கே இல்லை. ஒவ்வொரு தையலையும் தைத்த கையோடு அயன் செய்யாமல், எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக ஒரு தேய்ப்புத் தேய்த்திருப்பார்கள். உள்ளே வெட்டிய ஓரத்தைக் கட்டாமல் பிசிறாக விட்டிருப்பார்கள். எங்கள் இலங்கை மலைநாட்டில் இவற்றோடு இன்னொன்றும் சேரும். அயன் வைத்த தையல் ஆறிக் காயும்வரை பொறுத்திருக்க மாட்டார்கள். இந்த மூன்றாவதைப் பற்றி எந்தத் தையல் வகுப்பிலும் அதிகம் பேசுவதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சூடு பாதி, காய்வது பாதி

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ்தான். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை கொடியில் போட்ட துணி காய்வதே பெரும்பாடு. கொடியில் கிடக்கும் துணி மட்டுமில்லை, காம்பராவுக்குள் மடித்து வைத்திருக்கும் புதுத் துணியும் பனிமூட்டத்தின் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போதே பருத்தி தன் உலர்ந்த எடையில் 7 முதல் 8 சதவீதம் வரை நீரைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளி 16 சதவீதம் அளவுக்குப் பிடிக்கும். பொலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. மழைக்காலத்து ஹட்டனில் காற்றின் ஈரம் 65-ஐ எப்போதோ தாண்டியிருக்கும்.

இதற்கும் தையலுக்கும் என்ன தொடர்பு என்றால், பருத்தி இழை சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகும். இளகிய நிலையில் எப்படி அழுத்தி வைக்கிறோமோ அப்படியே, ஈரம் வெளியேறி ஆறும்போது இறுகும். ஈரம் போகுமுன் துணியைத் தூக்கி அடுத்த தையலுக்குக் கொண்டுபோனால், விரித்த தையல் மெல்ல மெல்லப் பழையபடி மூடிக்கொள்ளும். பொலியெஸ்டருக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. அது 70, 80 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும், ஆறினால் இறுகும். ஆக எந்தத் துணியானாலும் அயனை எடுத்த பிறகு வரும் அந்தச் சில நிமிடங்களில்தான் மடிப்பு நிலைக்கிறது.

மலைநாடு முழுவதற்கும் ஒரே கணக்கும் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் ஹட்டன் நனைந்துகொண்டிருக்கும்போது, மலைக்கு அந்தப்பக்கம் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளில் வரண்ட கச்சான் காற்று வீசும். ஹட்டனில் தைப்பவருக்குப் பருத்தித் துணிக்குத் தண்ணீர் தெளிக்கவே தேவைப்படாது. அதே நாளில் பண்டாரவளையில் தைப்பவர் தெளிக்காமல் அயன் வைத்தால் மடிப்புப் பிடிக்காது. உங்கள் ஊர்க் காற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.

என்னென்ன வேண்டும்

அயன் மேசைக்கென்று தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. ஆடாத மேசை ஒன்றில் பழைய கம்பளியை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் நன்றாக வெளுத்த பருத்தி வேட்டியோ பெட்ஷீட்டோ இழுத்துக் கட்டுங்கள். கம்பளி சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஸ்பொஞ்ச் வைக்காதீர்கள். அமுக்கினால் துள்ளும், சூட்டில் உருகவும் கூடும்.

அயனுக்கும் துணிக்கும் நடுவே போட ஒரு மேல்துணி வேண்டும். வெள்ளை, மெல்லிய, கஞ்சி போடாத பருத்தி. பழைய வாயில் (voile என்ற மெல்லிய பருத்தி) சாரியின் ஒரு துண்டு இதற்கு மிகப் பொருத்தம், அடியில் இருக்கும் தையல் கண்ணுக்குத் தெரியும்.

தையலை விரித்து அயன் செய்ய ஓர் உருளை. பழைய சஞ்சிகை ஒன்றை இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, மேலே ஃபிளனல் துணியைச் சுற்றித் தைத்துவிட்டால் போதும். உருளையின் வளைவில் தையல் கோடு மட்டும் மேலே நிற்கும், ஓரங்கள் இரண்டும் கீழே சரிந்துவிடும். அதனால் ஓரத்தின் தடம் வெளிப்பக்கத்தில் விழாது.

மார்பு, இடுப்பு வளைவுகளுக்கு முட்டை வடிவத்தில் கெட்டியான ஒரு தலையணை. புத்தகங்களில் மரத்தூள் அடைக்கச் சொல்வார்கள். எங்கள் ஊரில் மரத்தூளை வெயிலில் நன்றாக உலர்த்தாமல் அடைத்தால் அடைமழைக்குள் பூஞ்சணம் பிடித்து மணக்கும். நான் கம்பளித் துண்டுகளைப் பொடியாக நறுக்கி அடைப்பதையே விரும்புகிறேன். கையால் அமுக்கினால் குழி விழாத அளவுக்கு இறுக்கி அடைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு மரக்கட்டை. ஒரு சாண் நீளம், கைக்கு அடக்கமான அகலம், நன்றாக இழைத்தது. வார்னிஷ், பெயின்ட் எதுவும் கூடாது. பைன் பலகை வேண்டாம், சூடு பட்டால் பிசின் கசியும். அயனை எடுத்தவுடன் தையல்மேல் இந்தக் கட்டையை வைத்து அழுத்தினால் அது ஆவியையும் சூட்டையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். மலைநாட்டில் தைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை. நல்ல நீராவி அயனுக்கும் இந்தக் கட்டைக்கும் நடுவே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கட்டையை எடுப்பேன்.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. லயத்து வீடுகளில் பல்ப் ஹோல்டரிலிருந்து மெல்லிய வயர் இழுத்து அயன் போடுவதைப் பார்க்கிறேன். 230 வோல்ட்டில் 1,000 வாட் அயன் 4 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வயர் சூடாகி உருகும். சுவரிலுள்ள மூன்று முள் பிளக்கில் மட்டுமே போடுங்கள்.

துணி எதுவென்று தெரிந்துகொள்ளுதல்

சந்தையில் வாங்கும் வெட்டுத் துண்டில் லேபிள் இருக்காது. ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, முறுக்கி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கல்போன்ற உருண்டையாகும். கம்பளியும் பட்டும் மயிர் கருகும் நாற்றம் தரும், நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். சாம்பலும் உருண்டையும் கலந்து வந்தால் கலப்புத் துணி. அப்போது குறைந்த சூட்டைத் தாங்கும் இழைக்கே மதிப்புக் கொடுக்க வேண்டும்.

அயனில் உள்ள புள்ளிகள் சூட்டின் உச்ச அளவைச் சொல்கின்றன. ஒரு புள்ளி 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. நைலோன், அக்ரிலிக் வகைக்கு ஒன்று. பொலியெஸ்டர், பட்டு, கம்பளிக்கு இரண்டு. பருத்திக்கும் லினனுக்கும் மூன்று. இருந்தாலும் உடுப்பில் வைக்குமுன் அதே துணியின் வெட்டுத் துண்டில் ஒரு சிறு தையல் போட்டு, அதில் வைத்துப் பாருங்கள். பளபளப்புத் தட்டினாலோ சுருங்கினாலோ சூட்டைக் குறையுங்கள்.

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பில் துணி சுருங்கும், நூல் சுருங்காது, தையல் முழுக்க நெளியும். எவ்வளவு அழகாக அயன் செய்திருந்தாலும் அது பயன்படாது.

ஒரு தையலை அயன் செய்யும் முறை

தேய்ப்பது வேறு, அழுத்துவது வேறு. தோய்த்த உடுப்பைச் சுருக்கம் போக இழுத்து இழுத்துத் தேய்க்கிறோம். தைத்துக்கொண்டிருக்கும் துணியில் அப்படிச் செய்தால் வெட்டிய துண்டின் வடிவமே இழுபட்டுப் போகும், முக்கியமாகக் கழுத்து, அக்குள் போன்ற குறுக்கு வெட்டுகளில் (துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய இடங்களில்). தையலுக்கு அயனை வை, அழுத்து, தூக்கு, அடுத்த இடத்தில் வை. அவ்வளவுதான் அசைவு.

பாடசாலைக் கவுனின் பக்கத் தையலை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் துணி, 1.5 சென்டிமீட்டர் தையல் ஓரம் (தையல் கோட்டுக்கும் வெட்டிய விளிம்புக்கும் நடுவே விடும் துணி), தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர்.

முதல் வேலை, தையலை விரிக்காமல், தைத்தபடியே இரண்டு துணியும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்க அயன் வைப்பது. ஒரு பக்கம் நாலைந்து விநாடி, திருப்பிப் போட்டு மறுபக்கம் நாலைந்து விநாடி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் மெஷின் நூல் இரண்டும் துணிக்குள் இறங்கிப் பதிவது இப்போதுதான். தைக்கும்போது நூல் இறுக்கத்தால் ஏற்பட்ட சின்னச் சின்னச் சுருக்கங்கள் இதிலேயே பாதி போய்விடும்.

இரண்டாவது, உருளைமேல் போட்டு விரிப்பது. உட்பக்கம் மேலே இருக்கட்டும். காற்று வரண்டிருந்தால் மட்டும் விரலைத் தண்ணீரில் தொட்டுத் தையல் கோட்டின்மேல் ஒரு கோடு இழுங்கள். துணி முழுவதையும் நனைக்காதீர்கள். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரங்களை இரண்டு பக்கமும் பிரித்துக்கொண்டே முன்னே போக, அயனின் நுனி அவற்றுக்குச் சற்றுப் பின்னால் வரட்டும். நுனி மட்டும், தட்டு முழுவதும் இல்லை. தையல் கோடு வெடித்துத் திறந்து, நடுவில் நூல் ஒரே நேர்க்கோடாகத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, கட்டை. ஒரு அயன் நீளத்துக்கு விரித்ததும் அயனை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் மரக்கட்டையை வைத்து அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், அப்படியே பிடித்திருங்கள். பருத்திக்குப் பத்துப் பதினைந்து விநாடி, கம்பளிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. பிறகு துணியை இழுக்காமல் அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

நான்காவதுதான் நான் முதலில் சொன்னது. முழுத் தையலும் முடிந்ததும் துணியை மேசையிலேயே விடுங்கள். ஆறியதா என்று உள்ளங்கையால் தொட்டால் தெரியாது. விரல் முதுகைத் தையல்மேல் வையுங்கள், பக்கத்தில் அயன் படாத அதே துணியின் வெட்டுத் துண்டையும் தொட்டுப் பாருங்கள். தையல் இளஞ்சூடாக இருந்தால் இன்னும் ஆறவில்லை. வெட்டுத் துண்டைவிடச் சில்லென்று இருந்தால் ஆறிவிட்டது, ஆனால் ஈரம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் தூக்கலாம். மழை நாளில் இதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அடுத்த துண்டுக்கு ஊசி குத்தி வைக்கலாம், பாபினுக்கு நூல் சுற்றலாம்.

கடைசியாக வெளிப்பக்கம். மேல்துணியைப் போட்டு, அதன்மேல் இலேசாக ஒருமுறை அழுத்துங்கள். கறுப்பு, கருநீலத் துணிகளில் மேல்துணி இல்லாமல் அயன் பட்டால் வரும் பளபளப்பு பிறகு முழுதாகப் போகாது. தடித்த துணியில் ஓரத்தின் தடம் வெளியே விழுந்தால், ஒவ்வொரு ஓரத்துக்கும் அடியில் மண்ணிறக் கடதாசித் துண்டைச் செருகிவிட்டு அயன் வையுங்கள்.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒரு விதி உண்டு. ஒரு தையலை இன்னொரு தையல் குறுக்கே கடக்குமுன் முதல் தையல் அயன் ஆகியிருக்க வேண்டும். தோள் தையல் அயன் ஆகாமல் கழுத்துப் பட்டியைத் தைத்தால், பிறகு தோளை யாராலும் நேராக விரிக்க முடியாது. கரண்ட் பில்லை நினைத்து ஒவ்வொரு தையலுக்கும் அயனைப் போட்டு அணைக்க வேண்டாம் என்றால், ஒன்றையொன்று கடக்காத தையல்களை முதலில் தைத்துச் சேருங்கள். இரண்டு தோள், டார்ட்கள் (உடம்பின் வளைவுக்காகத் துணியை ஆப்புப்போல் மடித்துப் போடும் தையல்), பொக்கட், கொலரின் ஓரம். எல்லாவற்றையும் ஒரே சூட்டில் முடித்து, ஆறவிட்டு, பிறகு பக்கத் தையலுக்குப் போங்கள்.

வளைவு, டார்ட், கொலர்

கழுத்து வளைவில் ஓரத்தின் விளிம்பு தையல் கோட்டைவிட நீளம் குறைந்தது. வெட்டுக் கொடுக்காமல் திருப்பினால் அது இழுக்கும். தையலுக்கு 2 மில்லிமீட்டர் இருக்கும்வரை கத்தரி நுனியால் நேர் வெட்டுகள் கொடுங்கள். பீட்டர் பான் கொலர் போல வெளியே வளையும் இடத்தில் நேர்மாறு. அங்கே திருப்பினால் துணி உள்ளே குவியும், ஆகவே சிறு முக்கோணங்களாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுமுன் தைத்தபடியே ஒருமுறை அயன் வையுங்கள், வெட்டிய பிறகு வைத்தால் பற்கள் கலைந்து நிற்கும்.

மூன்று நான்கு அடுக்குத் துணி சேரும் இடத்தில் எல்லா ஓரத்தையும் ஒரே அளவில் வெட்டாதீர்கள். உடுப்பின் வெளிப்பக்கத்துக்கு அடுத்திருக்கும் ஓரத்தை 6 மில்லிமீட்டர், உள்ளே இருப்பதை 3 மில்லிமீட்டர் என்று படி படியாகக் குறைத்தால் மேடு தெரியாது.

கழுத்தின் உட்பட்டி வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்க, தையல் ஓரங்களை எல்லாம் பட்டிப் பக்கம் சாய்த்து அயன் செய்து, பட்டியின்மேல் தையல் கோட்டிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தையல் ஓட்டுங்கள். அதன் பிறகு திருப்பி, வெளித்துணி நூலளவு உள்ளே உருளும்படி வைத்து அயன் அழுத்துங்கள். எத்தனை தடவை தோய்த்தாலும் பட்டி உள்ளேயே நிற்கும்.

டார்ட்டை நுனியைத் தாண்டி அயன் செய்யாதீர்கள், முன்னால் ஒரு கோடு விழுந்துவிடும். முதலில் மடித்தபடியே, நுனி வரை மட்டும். பிறகு தலையணைமேல் போட்டு, மார்பு டார்ட்டைக் கீழ்நோக்கியும் இடுப்பு டார்ட்டை நடுவை நோக்கியும் சாய்த்து அழுத்துங்கள். சாரி ஜாக்கெட்டில் இந்த ஒரு வேலையைச் சமதளத்தில் செய்வதால்தான் மார்பில் கூம்பு நிற்கிறது. தட்டை மேசையில் வளைவை வைத்து அழுத்தினால், தைத்து உண்டாக்கிய வடிவத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

ஓரம் கட்டுதல்

“அக்கா, வெளியே தெரியாத இடத்துக்கு இவ்வளவு வேலையா?” என்று தையல் பழக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். நான் அவர்களை நுவரெலியா பேல் பஜாரில் விற்கும் குளிர்ச் சட்டைகளை வாங்கும்போது உட்பக்கம் புரட்டிப் பார்க்கச் சொல்வேன். ஏற்றுமதிக்குத் தைத்த உடுப்புகள் அங்கே நிறையக் கிடைக்கும். எந்தத் துணிக்கு எந்த ஓரம், எங்கே பயஸ் (சாய்வாக வெட்டிய துணிப் பட்டி), எங்கே ஓவர்லொக் (ஓரத்தைச் சீவிக்கொண்டே நூலால் சுற்றும் மெஷின் தையல்), எங்கே மேல் தையல் என்பதெல்லாம் உள்ளே எழுதிவைத்தது போலத் தெரியும். அதோடு, இங்கே வெயில் கிடைக்கும்போது உடுப்பை அடித்துத் தோய்த்து, இறுக்கிப் பிழிந்துதான் போடுகிறோம். கட்டாத ஓரம் ஒவ்வொரு தோய்ப்பிலும் இரண்டு இழை விடும். ஒரு வருடத்தில் பிசிறு தையல் கோட்டையே எட்டிவிடும்.

வீட்டில் இருப்பது பழைய மிதி மெஷினா, கறுப்புக் கை மெஷினா? அநேகமாக அது நேர்த்தையல் மட்டும்தான் போடும். சிக்சாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) இல்லை என்று கவலைப்பட வேண்டாம். நல்ல ஓரங்களில் பெரும்பாலானவை நேர்த்தையலாலேயே ஆனவை.

மெல்லிய துணிக்கு, வாயில், பட்டு, குழந்தைச் சட்டை இவற்றுக்கெல்லாம், பிரெஞ்சுத் தையலுக்கு மேல் ஒன்றுமில்லை. வெட்டு ஓரம் முழுவதும் உள்ளே மூடிப்போகும், குழந்தையின் உடம்பில் எதுவும் உரசாது. 1.5 சென்டிமீட்டர் ஓரத்துக்குக் கணக்கு இப்படி. துணியின் உட்பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, விளிம்பிலிருந்து 9 மில்லிமீட்டரில் தையுங்கள். வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இருப்பதால் முதல் தடவை கை தயங்கும், சரிதான். தைத்தபடி அயன். ஓரத்தை 3 மில்லிமீட்டராக நறுக்குங்கள், துருத்தும் இழைகளைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். விரித்து ஓர் அயன். இப்போது வெளிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கத் திருப்பி, முதல் தையல் சரியாக மடிப்பின் விளிம்பில் வரும்படி விரலால் உருட்டி உருட்டி அயன் செய்யுங்கள். இந்த மடிப்பு கூர்மையாக இல்லாவிட்டால் முழு வேலையும் கெடும். ஆகவே இங்கேயும் கட்டையை வைத்துக் காயவிடுங்கள். பிறகு மடிப்பிலிருந்து 6 மில்லிமீட்டரில் இரண்டாவது தையல். 9-உம் 6-உம் சேர்ந்து 15, அளவு குறையாது. முடிந்ததும் பின்பக்கம் சாய்த்து அயன் செய்யுங்கள். வெளியே இழை எட்டிப் பார்த்தால் நறுக்கியது போதவில்லை என்று அர்த்தம். அக்குள் போன்ற ஆழமான வளைவில் இந்தத் தையல் விறைத்து நிற்கும், அங்கே வேண்டாம்.

பொப்ளின், சீத்தை, பாடசாலைத் துணி போன்ற நடுத்தரப் பருத்திக்கு மடித்துத் தைத்த ஓரம் போதும். தையலை விரித்து அயன் செய்து, ஒவ்வொரு ஓரத்தின் விளிம்பையும் 5 மில்லிமீட்டர் உள்ளே மடித்து, உடுப்பு சிக்காமல் ஓரத்தில் மட்டும் ஒரு தையல் ஓட்டுங்கள். பிரெஞ்சுத் தையலில் ஓரத்தை நறுக்கிவிடுவதால் பிறகு பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணி இருக்காது. மடித்த ஓரமோ தேவைப்பட்டால் பிரித்து இடுப்பை விட்டுக்கொடுக்க வசதி தரும். பாடசாலைப் பிள்ளைகளின் உடுப்புக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன், 1.5-க்குப் பதில் 2.5 சென்டிமீட்டர் ஓரமும் விடச் சொல்கிறேன்.

களிசான், சேர்ட், வேலைக்குப் போடும் உடுப்பு இவற்றுக்கு ஜீன்ஸில் இருக்கும் இரட்டைத் தையல்தான் சரி. தைத்து, ஓர் ஓரத்தை 5 மில்லிமீட்டராக நறுக்கி, அகலமாக இருக்கும் மற்ற ஓரத்தை அதன்மேல் போர்த்தி, விளிம்பை உள்ளே மடித்து, அயன் செய்து, துணியோடு சேர்த்து மேல் தையல் போட வேண்டும். கொழுந்து எடுக்கும் கையின் இழுப்பையும் கூடை வாரின் உரசலையும் தாங்கும் தோளுக்கு வேறு எந்தத் தையலும் இவ்வளவு காலம் நிற்காது.

சிக்சாக் உள்ளவர்கள் அகலம் 3, நீளம் 2 வைத்து, ஊசி வலப்பக்கம் இறங்கும்போது துணி விளிம்புக்குச் சற்று வெளியே விழும்படி ஓட்டுங்கள். மெல்லிய துணியில் அது விளிம்பைச் சுருட்டிவிடும், அதற்குச் சரிவராது. டவுனில் ஓவர்லொக் அடித்துக் கொடுக்கும் தையல் கடைகள் உண்டு. கொடுக்குமுன் உடுப்பைப் போட்டு அளவு பார்த்துவிடுங்கள். ஓவர்லொக் கத்தி ஓரத்தைச் சீவித் தள்ளிவிடும், பிறகு விட்டுக்கொடுக்கத் துணி இருக்காது.

லைனிங் இல்லாத கம்பளிக் கோட்டுக்கு பயஸ் துண்டால் ஓரம் கட்டுங்கள். மெல்லிய பருத்தியை 45 பாகைச் சாய்வில் 3 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, ஓரத்தோடு வெளிப்பக்கம் சேர்த்து 6 மில்லிமீட்டரில் தைத்து, விளிம்பைச் சுற்றி உள்ளே திருப்பி, முதல் தையலின் பள்ளத்திலேயே மேலிருந்து ஒரு தையல். கம்பளிக்கு அயன் நேராகப் படக்கூடாது. நனைத்துப் பிழிந்த மேல்துணியைப் போட்டு, அயனை வைத்து ஆவி எழும்பவிட்டு, மேல்துணி முற்றாகக் காயுமுன் தூக்கிவிடுங்கள். பிறகு கட்டை. மழை நாளில் கம்பளித் தையலை இரவெல்லாம் மேசையிலேயே விட்டுவிடுவது நல்லது.

மெஷினே இல்லாமல் கையால் தைப்பவர்கள் ஓரத்தைச் சுற்றித் தைக்கும்போது நூலை இழுத்து இறுக்காதீர்கள். துணி விளிம்பைத் தொட்டு நின்றால் போதும்.

கரி அயன் உள்ளவர்களுக்கு

கரண்ட் நின்ற நாளில் கரி அயன் இன்னும் சில வீடுகளில் வெளியே வரும். அதன் பாரம் தையலுக்கு நல்லது, அமுக்க வேண்டிய வேலையை அதுவே செய்துவிடும். சிரட்டைக் கரி சீராகக் கனலும், விறகுக் கரியைவிடச் சாம்பல் குறைவு. இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வைத்துப் பற்றவைத்து, புகை முற்றாக அடங்கிய பிறகே துணிக்குக் கொண்டுவாருங்கள். மூடிய அறைக்குள் கரிப்புகை உயிருக்கே ஆபத்து, கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். சூட்டை அளக்க வழியில்லாததால் எப்போதும் மேல்துணி போட்டே வையுங்கள். பொலியெஸ்டரில் வைக்காதீர்கள்.

கீழ் மடிப்பு

கீழ் மடிப்பைக் கடைசியில் போடுங்கள். குறுக்கு வெட்டுப் பாவாடையானால் ஓர் இரவு தொங்கவிட்டு, இறங்க வேண்டிய அளவு இறங்கிய பிறகு தரையிலிருந்து அளந்து வெட்டுங்கள். முதல் மடிப்பு 1 சென்டிமீட்டர், அயன், ஆறவிடுதல். இரண்டாவது மடிப்பு வேண்டிய அகலம், மறுபடி அயன். மடிப்பின் அடி விளிம்பை மட்டும் அழுத்துங்கள். மேல் விளிம்பில் அழுத்தினால் வெளிப்பக்கத்தில் ஒரு வரி விழும்.

தைத்து முடித்த உடுப்பைச் சூட்டோடு மடித்து அலுமாரிக்குள் வைக்காதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் சில நாளில் கரும்புள்ளியாகப் பூக்கும், வெள்ளைத் துணியில் அது இலேசில் போகாது. ஓர் இரவாவது காற்றுப்பட மாட்டி வையுங்கள்.

வளரும் பிள்ளையின் கவுனுக்கு கீழ் மடிப்பை 7, 8 சென்டிமீட்டர் விடலாம். அடுத்த தவணையில் பிரித்து இறக்கும்போது பழைய மடிப்பு ஒரு கோடாக நிற்கும். வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு துணியில் தொட்டு அந்தக் கோட்டை நனைத்து, மேல்துணி போட்டு அயன் அழுத்தி, உடனே கட்டையை வையுங்கள். நிறத்துணியானால் முதலில் உள் ஓரத்தில் ஒரு துளி வைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் நன்றாகக் காயவிட்டு இன்னொரு தடவை செய்யலாம். கோட்டின் இடத்தில் இழை தேய்ந்து வெளுத்திருந்தால் வினாகிரியால் ஒன்றும் ஆகாது, அதன்மேல் ஒரு சிறு பிளீட் எடுத்தோ லேஸ் வைத்தோ மறைத்துவிடுங்கள்.